"அதுவரைக்கும் பெத்தவ என்ன பண்ணா?" - காணாமல்போன குழந்தையும், நாம் கேட்கும் கேள்வியும்

உங்கள் ஃபேமிலி குரூப்பில் அப்படி ஒரு மெசேஜ் சமீபத்தில்கூட வந்திருக்கும். சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தையின் போட்டோ. கீழே சட்டை கலர், கடைசியாகப் பார்த்த இடம், ரெண்டு போன் நம்பர். 'தயவுசெய்து ஷேர் பண்ணவும்.' நீங்களும் ஷேர் பண்ணியிருப்பீங்க.

அதே செய்தி ஏதாவது நியூஸ் பேஜில் வந்தால், கமென்ட் பக்கம் போய்ப் பாருங்க. "சாயங்காலம் காணாமப்போன குழந்தைக்கு மறுநாள் காலையிலதான் கம்ப்ளெயின்ட்டா? அதுவரைக்கும் பெத்தவ என்ன பண்ணிட்டிருந்தா?" என்று யாராவது கேட்டிருப்பார். அதற்கு லைக்கும் குவிந்திருக்கும்.

கேள்வியில் ஒரு பாதி நியாயம் இருக்கு. நேரம் முக்கியம்தான். ஆனால், அந்தக் கேள்வி விரல் நீட்டுவது ஒரே ஒருத்தரை நோக்கி. ஒரு குழந்தை காணாமல்போனதற்கும், அது போலீஸ் ரெக்கார்டில் ஏறுவதற்கும் நடுவில் இருக்கும் மணி நேரங்களைப் பிரிச்சுப் பார்த்தால், அதில் பல பேரோட பங்கு இருக்கு. அதில் ஒரு பங்கு, கமென்ட் போடும் நமக்கும் இருக்கு. எப்படின்னு பார்ப்போம்.

மணி நேரக் கணக்கு ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை நாடு முழுவதும் திரட்டி ஆராய்ந்து 1997-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழந்தைகளில் 74 சதவிகிதம் பேர், கடத்தப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டிருந்தார்கள். பெரும்பாலான வழக்குகளில், குழந்தையைக் காணோம் என்று தெரிந்ததற்கும் போலீஸுக்குச் சொன்னதற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

பயந்துடாதீங்க. காணாமல்போகும் குழந்தைகளில் இப்படி முடியும் வழக்குகள் மிக மிகக் குறைவு. இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-ம் ஆண்டுக்குத் தரும் கணக்கைப் பாருங்க. அந்த ஒரு வருடத்தில் காணாமல்போனதாகப் பதிவான குழந்தைகள் 83,350 பேர். அதே வருடத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், முந்தைய வருடங்களில் காணாமல்போனவர்களையும் சேர்த்து, 80,561 பேர். ஆக, பெரும்பாலான குழந்தைகள் கிடைத்துவிடுகிறார்கள்.

பிரச்னை என்னன்னா, முதல் ஒரு மணி நேரத்தில் உங்க வீட்டுக் குழந்தை இதில் எந்தக் கணக்கில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஃப்ரெண்ட் வீட்டில் டி.வி பார்த்துக்கிட்டிருக்கலாம். மார்க் குறைஞ்ச பயத்தில் பஸ் ஏறியிருக்கலாம். யாராவது கூட்டிட்டுப் போயிருக்கலாம். அந்த நேரத்தில் மூணுமே ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்பது ஆபத்தான முடிவு.

ஒரு மாதம் சொல்லாத அம்மா

தாமதம் பற்றி உலகத்தில் நடந்த மிகப் பெரிய விவாதங்களில் ஒன்று, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் தொடங்கியது. கேலி என்ற இரண்டு வயதுக் குழந்தை கடைசியாக வீட்டாரால் பார்க்கப்பட்டது 2008 ஜூன் 16 அன்று. போலீஸுக்குத் தகவல் போனது ஜூலை 15 அன்று. நடுவில் கிட்டத்தட்ட ஒரு மாதம். அப்போதும் போன் செய்தது அம்மா கேசி அந்தோணி இல்லை; குழந்தையின் பாட்டி. 'குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண் தூக்கிட்டுப் போயிட்டாள்' என்று அம்மா சொன்னார். அப்படி ஒரு பெண் இருந்ததற்கான தடயமே போலீஸுக்குக் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில், வீட்டுக்கு அருகிலிருந்த புதர்க்காட்டில் குழந்தையின் எலும்புகள் கிடைத்தன.

2011 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அம்மா விடுவிக்கப்பட்டார். போலீஸிடம் பொய் சொன்ன குற்றம் மட்டும் நிரூபணமானது. நாடே கொதித்தது. 'குழந்தையைக் காணோம்னு ஒரு மாசம் சொல்லாம இருந்தது குற்றமே இல்லையா?' என்று கேட்டார்கள். அன்றைய சட்டத்தில் அதற்கெனத் தனிக் குற்றம் இல்லை.

சில நாள்களிலேயே ஒரு ஆன்லைன் மனு பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. குழந்தை காணாமல்போனால் 24 மணி நேரத்துக்குள் சொல்லாத பெற்றோரைத் தண்டிக்க வேண்டும் என்பது கோரிக்கை. 'கேலி சட்டம்' என்று அதற்குப் பெயர் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் வரவில்லை. சில மாநிலங்கள் கொண்டுவந்தன. நியூ ஜெர்ஸியில் 2012 முதல், 13 வயது வரையிலான குழந்தை காணாமல்போனதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். சம்பவம் நடந்த ஃப்ளோரிடாவோ வேறு வழியில் போனது. காணாமல்போன குழந்தை பற்றிய விசாரணையில் போலீஸிடம் பொய் சொன்னால் தண்டனை அதிகம் என்று சட்டத்தைக் கடுமையாக்கியது.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால், விவாதத்தின் மையமே அதுதான். 'லேட்டா வந்தா ஜெயில்' என்று சட்டம் சொன்னால் என்ன ஆகும்? கொலையையே மறைக்கத் துணிந்தவர், தகவல் சொல்லாததற்கான தண்டனைக்குப் பயந்து ஸ்டேஷனுக்கு வரப்போவதில்லை. பயப்படப்போவது வேறு ஆள்கள். 'அவன் அப்பா வீட்டுக்குப் போயிருப்பான்' என்று நினைத்துக் காத்திருந்த, விவாகரத்தான ஓர் அம்மா. கோபித்துக்கொண்டு போன மகன் ராத்திரி வந்துவிடுவான் என்று நம்பிய ஓர் அப்பா. 25-வது மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? 'இப்போ போய்ச் சொன்னா நம்மளை உள்ளே வெச்சுடுவாங்களோ' என்று இன்னும் பத்து மணி நேரம் யோசிப்பார்கள். தாமதத்தைக் குறைக்கவந்த சட்டமே தாமதத்தை நீட்டிவிடும்.

கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்படுது. அந்த முகம் அம்மாவாக இருந்தால் கோபம் இன்னும் சுலபம். ஆனால், எல்லா தாமதமும் அம்மாவிடம் தொடங்குவதில்லை.

பள்ளிக்கூடம் சொல்லாத தகவல்

அதே அமெரிக்காவில் இன்னொரு வழக்கு. நியூயார்க்கில், 1979 மே 25 அன்று, ஈடன் பாட்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன் முதல் தடவையாகத் தனியாக ஸ்கூல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோனான். அவன் பஸ் ஏறவே இல்லை. வகுப்பில் அவன் இல்லாததை டீச்சர் கவனித்தார். ஆனால், அந்தத் தகவல் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் பையன் வீடு திரும்பாதபோதுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. பிள்ளை ஸ்கூலில் இருக்கிறான் என்று அவர் நினைத்திருந்த அந்தப் பகல் முழுவதும் தேடல் தொடங்கவே இல்லை. அமெரிக்காவில் மே 25-ஐக் காணாமல்போன குழந்தைகள் தினமாக 1983-ல் அறிவித்தது அவன் நினைவாகத்தான்.

அந்தப் பகலை யார் கணக்கில் எழுதுவது? இன்றைக்கு நிறைய பள்ளிகள், பிள்ளை வரவில்லை என்றால் காலையிலேயே வீட்டுக்கு மெசேஜ் அனுப்புகின்றன. உங்க தம்பி, தங்கச்சி படிக்கும் பள்ளியில் அந்த வழக்கம் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா, அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

படியேறியும் பதியாத புகார்கள்

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே தாமதத்தின் கதை பெரும்பாலும் ஸ்டேஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு.

டெல்லியை ஒட்டிய நொய்டாவில் நிதாரி என்ற பகுதி. கூலி வேலைக்கு வந்த ஏழைக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம். அங்கே 2005, 2006-ம் ஆண்டுகளில் குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல்போனார்கள். பெற்றோர் போலீஸிடம் போனார்கள். புகாரைச் சரியாகப் பதியவில்லை, தேடவில்லை என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குற்றச்சாட்டு. 2006 டிசம்பர் 29 அன்று, ஒரு வீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடையிலிருந்து எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. கடமை தவறியதற்காக இரண்டு போலீஸ் உயரதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஆறு காவலர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

2023 அக்டோபரில், இந்த வழக்குகளில் மரண தண்டனை பெற்றிருந்த இருவரையும் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. விசாரணை நடந்த விதத்தை நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. அந்தக் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்பதற்கு, பெற்றோருக்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை. அந்த அம்மாக்களிடம் போய், 'அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?' என்று கேட்க முடியுமா? அவர்கள் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு முக்கியமான உத்தரவுகள் வந்தன.

முதலாவது, மே 10 அன்று, 'பச்பன் பச்சாவோ அந்தோலன்' அமைப்பு தொடுத்த வழக்கில் வந்தது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும். விசாரணையில் வேறு மாதிரி தெரியவரும்வரை, அதைக் கடத்தலாகவோ ஆள் விற்பனையாகவோதான் கருத வேண்டும். 18 வயது நிறையாத எல்லோரும் இதில் அடக்கம். 'ஓடிப்போயிருக்கும், தானா வந்துடும்' என்று அனுமானம் பண்ணும் உரிமை ஸ்டேஷனுக்குக் கிடையாது.

இரண்டாவது, நவம்பர் 12 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த 'லலிதா குமாரி' தீர்ப்பு. கைதுக்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் கட்டாயம் என்று நாடு முழுமைக்கும் சொன்ன தீர்ப்பு. எந்த எஃப்.ஐ.ஆர் சர்ச்சையிலும் வக்கீல்கள் முதலில் எடுப்பது இதைத்தான். அந்தத் தீர்ப்பின் பெயரில் இருப்பவர், காணாமல்போன ஒரு சிறுமி. மகளைக் காணோம் என்று கொடுத்த புகாரை உத்தரப்பிரதேச போலீஸ் பதியாததால், அவளுடைய அப்பா உச்ச நீதிமன்றம்வரை போனார்.

24 மணி நேரம் - இல்லாத ஒரு சட்டம்

'24 மணி நேரம் ஆன பிறகுதான் கம்ப்ளெயின்ட் எடுப்பாங்க' என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. சினிமாவிலும் சீரியலிலும் இன்ஸ்பெக்டர்கள் பேசிப் பேசி நம்ம மண்டையில் ஏறிய வசனம் இது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் போலீஸ் ஸ்டேஷன்கள் காத்திருக்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. குழந்தைகள் விஷயத்தில் அதையும் 1990-ல் ஒரு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் இந்தக் கதை சாகவில்லை. காரணம், அது எல்லோருக்கும் வசதி. ஸ்டேஷனுக்கு வேலை மிச்சம். வீட்டுக்கோ, இன்னும் ஒரு ராத்திரி யாருக்கும் சொல்லாமல் தேடிப்பார்க்க ஒரு சாக்கு.

மானம் என்கிற கடிகாரம்

இங்கேதான் நாம வருகிறோம். 2022 கணக்குக்குத் திரும்பிப் போங்க. காணாமல்போன 83,350 குழந்தைகளில் 62,946 பேர் பெண் குழந்தைகள். நாலில் மூணு பேர்.

ஒரு பதினஞ்சு வயசுப் பெண் சாயங்காலம் வீட்டுக்கு வரலைன்னா, சராசரித் தமிழ் வீட்டில் என்ன நடக்கும்? முதலில் தோழிகளுக்கு போன் போகும், அதுவும் பட்டும்படாமல்: "சும்மாதாம்மா கேட்டேன்." அப்புறம் அத்தை வீடு, சித்தி வீடு. அப்பா பைக் எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். ராத்திரி பத்து மணிக்கு அண்ணன், "ஸ்டேஷனுக்குப் போகலாம்ப்பா" என்பான். "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவளை யார் கட்டுவா? விடியட்டும்" என்று யாரோ ஒரு பெரியவர் தடுப்பார். விடியும். அதற்குள் அந்தப் பெண் எத்தனை மாவட்டம் தாண்டியிருப்பாளோ!

அந்தப் பெரியவர் பயப்படுவது போலீஸுக்கு இல்லை. ஊர் என்ன பேசும் என்பதற்கு. இன்றைக்கு ஊர் என்பது டீக்கடை மட்டுமில்லை, கமென்ட் பாக்ஸும்தான். "போன் வாங்கிக் கொடுத்தா இப்படித்தான்", "வளர்ப்பு சரியில்லை", "எவன்கூடப் போனாளோ" என்று போன வாரம் வேறொரு வீட்டுப் பெண்ணின் போட்டோவுக்குக் கீழே வந்ததை அந்த வீட்டிலும் யாராவது படித்திருப்பார்கள். அடுத்த மகள் காணாமல்போகும் ராத்திரியில், அந்த கமென்ட்தான் அவர்கள் காலைக் கட்டிப்போடும். 'ஏன் இவ்வளவு லேட்?' என்று கோபமாகக் கேட்பவர்களே, அடுத்த தாமதத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. 18 வயது ஆகாத பெண், 'விரும்பித்தான் போனேன்' என்று சொன்னாலும், சட்டத்தின் பார்வையில் அவள் குழந்தைதான். அவளைக் கூட்டிட்டுப் போனவர் மீது கடத்தல் வழக்கு வரும். அதனால் 'காதல் விவகாரம்' என்று வீடும் ஸ்டேஷனும் சேர்ந்து ஒதுக்கிவைக்க இதில் இடமில்லை.

அப்படி ஒரு நிலைமை வந்தால்...

உங்க வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ நடந்தால், போன் கையில் இருக்கும் நீங்கதான் அங்கே உருப்படியான ஆள். இதை மனசில் வெச்சுக்கோங்க.

* சின்னக் குழந்தை என்றால், முதலில் வீட்டின் தண்ணீர்த் தொட்டி, கிணறு, மொட்டை மாடி, நிறுத்தியிருக்கும் கார் என எல்லாவற்றையும் பாருங்க. அதற்குச் சில நிமிஷம் போதும். அதே நேரத்தில் இன்னொருத்தர் 112-க்கு போன் பண்ணட்டும்.

* 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண். 24 மணி நேரமும் கூப்பிடலாம். ரயிலில் ஏறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ரயில்வேயின் 139-க்கும் சொல்லுங்க.

* எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. 'இது எங்க லிமிட் இல்ல' என்ற பதில் செல்லாது. வாய்மொழியாகவே சொல்லலாம். ஆன்லைனில் அனுப்பினால், மூணு நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

* சி.எஸ்.ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினால், அதோடு திரும்பி வராதீங்க. குழந்தை விஷயத்தில் எஃப்.ஐ.ஆர்தான் வேண்டும். அதன் நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி-க்குத் தபாலில் எழுதலாம்; அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

* முகம் தெளிவாகத் தெரியும் சமீபத்திய போட்டோ, போட்டிருந்த உடை, மச்சம், தழும்பு, பேசும் மொழி. இதெல்லாம் தயாராக இருக்கட்டும். குழந்தையின் அறையைச் சுத்தம் பண்ணாதீங்க. போன், லேப்டாப்பை ரீசெட் பண்ணாதீங்க.

* நாலு மாசமாகியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகள் சொல்கின்றன. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

ஷேர் பட்டனுக்கு முன்னால்...

ஷேர் பண்ணுவது நல்ல மனசுதான். ஆனால், தேதி இல்லாத போட்டோ வேண்டாம். கிடைச்சு வருஷக்கணக்கான குழந்தைகளின் போட்டோக்கள் இன்னும் குரூப் குரூப்பாகச் சுற்றுகின்றன. போலீஸ் பேஜிலோ, குடும்பத்தினரிடமோ உறுதிசெய்த தகவலை மட்டும் அனுப்புங்க. குழந்தை கிடைச்சதும், போட்ட போஸ்ட்டை எடுத்துடுங்க. அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஸ்கூலுக்குத்தான் போகணும்.

'குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கு' வகை ஃபார்வேர்டுகளைத் தொடவே தொடாதீங்க. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காகக் கடத்தல்காரி என்று சந்தேகப்பட்டு அடித்தே கொல்லப்பட்டார். அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திகள்தான் கூட்டத்தின் கையில் கம்பைக் கொடுத்தன.

மெரினாவில் முடிவது எப்படி?

தாமதமே இல்லாமல் இதைச் செய்ய நமக்குத் தெரியாதா? தெரியும். காணும் பொங்கல் அன்று மெரினாவுக்குப் போய்ப் பாருங்க. அத்தனை கூட்டம். போலீஸ்காரர்கள் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். பிள்ளையைக் காணோம் என்று ஓர் அம்மா ஓடிவந்தால், 'பச்சைச் சட்டை, நாலு வயசு' என்று மைக்கில் அறிவிப்பார்கள். "நீ என்னம்மா பண்ணிட்டிருந்த?" என்ற விசாரணை முதலில் நடக்காது. தேடல்தான் முதலில் நடக்கும். கூட்டத்தில் குழந்தை தொலைவது யாருக்கும் நடக்கக்கூடியது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பதால், அந்த அம்மாவுக்கு மறைக்க எதுவும் இல்லை. அதனால் அவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிப்பதில்லை.

அதே அம்மா, பதினஞ்சு வயசு மகளைக் காணோம் என்று ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷன் படி ஏறும்போதும், யாரும் அவரை எடை போடாமல் முதலில் பேப்பரையும் பேனாவையும் எடுத்தால் போதும். விடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அந்தப் பெரியவருக்கு அன்றைக்கு வேலை இருக்காது.